அக்கா வாங்கி வந்த முரல் மீன்

எங்கள் அக்கா மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய சந்தில் பிறந்தார். சிறு வயதில் கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையின் வயிற்றை உடைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லியேம்மா" என்று அழுதாராம். அப்பா காலமான பிறகு டியூஷன் எடுத்துக்கொண்டே படித்து, அறுவை சிகிச்சை மருத்துவர் ஆனார். பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். அதனால் ஒருவர் பிழைத்த கதையை, அக்காவின் இந்த நினைவு நாளில் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. பட்டினப்பாக்கத்து மீனவர் ஏழுமலை, மார்பில் சிறு துளையோடு அக்காவின் மருத்துவமனையில் மூச்சுத் திணறக் கிடந்தார். தூக்கி வந்தவர் அவருடைய மச்சான். முந்தின நாள் இருவரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டதைக் குப்பமே பார்த்திருந்தது. கத்திக்குத்துதான் என்று காவலர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குத்தலம்மா! முரலு மீனு எகிறி வந்து குத்திச்சு. நான்தான் புடுங்கிப் போட்டேன்."

"மீன் எங்கே?" என்றார் அக்கா.

"கடல்லயே வுட்டுட்டேன். மன்சன் ரத்தம் பாத்த மீன கரைக்கு எட்த்தாரமாட்டோம்மா."

"நல்லா கீதுய்யா உன் கத!" என்று காவலர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

துளை விழுந்த பக்கம் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. நுரையீரல் சுருங்கி, சுற்றிலும் காற்றும் ரத்தமும் நிறைந்திருந்தன. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டதும் காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. ஏழுமலைக்கு மூச்சு வந்தது. எக்ஸ்ரேயில் ஊசி போல ஒரு நிழல் தெரிந்தது. அக்கா அதைத் தேடி எடுத்தார். நகத்தளவு எலும்பு, அதுவும் பச்சை நிறத்தில்!

மறுநாள் முழு முரல் ஒன்றை வாங்கி, வாழை இலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஏண்டி, ஆத்துக்குள்ள மீனா? ராம ராமா!" என்று அம்மா அலறினார்.

"திங்கறதுக்கு இல்லம்மா, பாக்கறதுக்கு."

கிணற்றடியில் அறுத்தார். ஊசி மூக்கு, எலும்பெல்லாம் பச்சை. அம்மா வீட்டையே அலம்பிவிட, அக்கா மீனோடு மருத்துவமனைக்கு ஓடினார்.

அங்கே ரெக்கார்டு அறையில், துளைத்த காயத்துக்கு ஓர் எண்ணும், அது எதனால் வந்தது என்பதற்கு இன்னோர் எண்ணும் போடுவார்கள். இரண்டாவது இடத்தில் 'பிறர் தாக்கியது' என்ற எண் ஏறியிருந்தது. அந்த எண் அப்படியே நின்றால் மச்சானுக்குச் சிறைதான்.

"மீன் குத்தினதுக்கெல்லாம் எண் கிடையாது டாக்டர்" என்றார் அங்கிருந்தவர். அக்கா அந்த எண்கள் அடங்கிய தடித்த புத்தகத்தைத் தாமே புரட்டினார். "இருக்கு பாருங்கோ! கடல் பிராணின்னே இருக்கு!" என்று குதித்தாராம். எண் மாறியது. காவலரும் இரண்டு பச்சை எலும்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மச்சானை விட்டுவிட்டார்.

சென்ற ஆண்டு, கடைசிப் படுக்கையிலும் தம்முடைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "அட, இப்படியா பரவும்!" என்றார். நான் வெளியே போய் அழுதேன்.

அக்காவைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. அஸ்தியைக் கரைக்கத் தங்கள் படகில் எங்களை அழைத்துப் போனவர்கள் ஏழுமலையும் அவர் மச்சானும். அவர்களுக்கு என்ன சொல்வது! அஸ்தியைக் கரைத்துத் திரும்பும்போது முரல் ஒன்று படகுக்குக் குறுக்கே துள்ளியது. எல்லோரும் குனிந்தோம். ஏழுமலை மட்டும் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி சொன்னார்.

"டாக்டரம்மா இருந்தா, அத்த புட்சினு வாடான்னிருக்கும்."