பாட்டு கேட்டதால் போன காது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு இரும்புக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. கூட ஓடுகிறவர் அதே கம்பெனியில் ஹாமர் ஆபரேட்டர்; பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்கும் பெரிய மிஷினுக்கு எதிரில் எட்டு மணி நேரம் நிற்கிறவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார். நான் 'அண்ணே' என்பேன், ஆபீசில் யாராவது பக்கத்தில் இருந்தால் அதையும் விழுங்கிவிடுவேன்.

சென்னையில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் இந்தப் பாடெல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கவரைப்பேட்டை வரை போய்த் திரும்புவோம். கன்டெய்னர் லாரி வாரியடிக்கும் தூசியில் பல் நறநறக்கும். அவர் பாட்டு கேட்டுக்கொண்டு ஓடுவார், பாதி சர்ச் பாட்டு, பாதி கானா. எனக்குப் பாட்டெல்லாம் ஆகாது, பாட்காஸ்ட்தான். எப்படி முன்னேறுவது, எப்படி மனிதர்களைப் புரிந்துகொள்வது என்று யாராவது காதுக்குள் பேசிக்கொண்டே வரவேண்டும். நேர்மையைப் பற்றி ஒரு ஆள் நாற்பது நிமிடம் பேசியதை எளாவூர் ரோட்டில் ரசித்துக் கேட்டவன் நான்.

நான் புது இயர்போன் வாங்கியபோது பழையதை அவருக்குக் கொடுத்தேன். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம், குப்பையில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் அதை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்து எடுப்பார். பார்க்க எரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் இருவரும் ஓடினோம். அவர் எனக்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் முடித்துவிட்டு, வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். மறுநாள் கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவர் காதுக்குள் ஓடும் பாட்டு, இரண்டடி தள்ளி ஓடும் எனக்கே வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றபோது இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"சார், இதுல சவுண்டு கொறஞ்சி பூட்சா, இல்ல என் காதுதான் பூட்சா? கொஞ்சம் பாத்து சொல்லு சார்."

மாட்டிப் பார்த்தேன். மண்டையே அதிர்ந்தது. சத்தத்தில் வேலை செய்கிறவனுக்குக் காது எப்படிப் போகும், முதல் அறிகுறி என்ன என்று வகுப்பு எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் பழைய செட்டு, பேட்டரி இறங்கியிருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

காரணம் இருந்தது. ஹாமர் பக்கம் நிற்கிறவர்கள் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளும் இயர் பிளக் தீர்ந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாங்கச் சொல்லி எழுதவேண்டியது என் வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன், மாலையில் நேரத்தோடு கிளம்பிப் போய்ப் படுத்தால்தான் விடியற்காலையில் ஓட முடியும் எனக்கு. அவர்கள் மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டைக் கிள்ளி உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

வருடாந்திரக் காது பரிசோதனைக்கு வண்டி வந்தது. அவருடைய தாளில், எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு இரண்டு காதுக்கும் செங்குத்தாக இறங்கியிருந்தது. சத்தமில்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவர் மனு எழுதினார். கொடுக்கும் முன் என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் தினமும் கூட ஓடுகிறவன், நான் ஒரு வார்த்தை சொன்னால் மேலே கேட்பார்கள் என்றார். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் கேட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வேலையால் காது போனது என்று எழுதினால் விசாரணை வரும், இயர் பிளக் ரெஜிஸ்டரைக் கேட்பார்கள் என்றார். வேறு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார். யோசிக்கக்கூட இல்லை நான்.

"காலைல ரெண்டு மணி நேரம் இயர்போன் மாட்டிக்கினுதான் ஓடுறாரு சார். ஃபுல் சவுண்டு. கூடவே ஓடுறேன், நானே கேட்டிருக்கேன்."

இதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. இதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மனு தள்ளுபடி ஆனது. பாட்டு கேட்பதை நிறுத்தும்படி அவருக்கு அறிவுரை சொல்லிக் கடிதம் போனது. அடுத்த வாரமே இயர் பிளக்குக்கு எழுதி, பழைய தேதியில் ரெஜிஸ்டரைப் பூசி மெழுகினேன். வந்து சேர இன்னும் மூன்று மாதம் ஆனது.

கடிதம் வாங்கிய மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன், வரக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன். வழக்கமான இடத்தில் நின்றிருந்தார், காதில் ஒன்றும் இல்லாமல். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட்டார். தன் பாட்டுப் பைத்தியம்தான் காதைக் கெடுத்தது என்று ஓடிக்கொண்டே சொன்னார். வீட்டில் பெண்ணின் இயர்போனையும் பிடுங்கி உடைத்துப் போட்டாராம், அவள் அழுதாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன் என்றாலும், வந்தது வந்ததுதான்.

ஒரு வருடம் அவர் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை. சர்ச்சில் ஸ்பீக்கர் பக்கம் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஓடும்போது பின்னால் லாரி ஹாரன் அடித்தால் நான்தான் தோளைத் தட்டி ஓரம் தள்ளுவேன். என்னால்தான் உயிரோடு இருப்பதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தார். அவர் மனைவி எனக்குக் கேக் கொடுத்தனுப்பினார், சாப்பிட்டேன். ஹாமர் மட்டும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடித்துக்கொண்டே இருந்தது.

மறு வருடப் பரிசோதனைத் தாள்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. அவருடைய இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோடு இன்னும் கீழே போயிருந்தது. பாட்டே கேட்காத ஒரு வருடத்தில் இவ்வளவு இறங்கியதற்கு எந்த இயர்போனையும் சொல்ல முடியாது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போயிருந்தால் அன்றைக்கே அவரை பேக்கிங்குக்கு மாற்றியிருக்கலாம். என் வேலை போயிருக்கும். தாளைக் கோப்புக்குள் சொருகினேன்.

மறுநாள் காலை ஓடத் தொடங்கும் முன் கேட்டார்.

"ஒரு வர்சம் பாட்டே கேக்கல சார். காது இன்னா சொல்து?"

கத்திச் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும். யாருமில்லாத ரோட்டில் கத்தினேன்.

"அப்டியேதான் கீது அண்ணே. கொறையல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது தெரிஞ்சிருந்தா, அப்பவே பாட்ட வுட்டிருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஓடத் தொடங்கினார்.