வாழை சாய்ந்த ஆடி

எங்கள் வீட்டுக்காரருக்கு வாழை என்றால் உயிர். ஸ்ரீரங்கத்தில் கொல்லையை ஒட்டி இருந்த எங்கள் தோட்டத்தில் வேறு எது முளைத்தாலும் அவருக்குப் பொறுக்காது. நான் வாய்க்கால் ஓரம் சேப்பங்கிழங்கு ஊன்றி, வரப்பில் கீரையும் கொத்தவரையும் போட்டு, வேலியில் பரங்கியை ஏற்றிவிட்டபோது குதித்தார்.

“ஏண்டி, இது தோட்டமா, சந்தைக்கடையா?”

“வாழை உங்களோடது. ஓரமெல்லாம் என்னோடது” என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ரகமில்லை நான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். யுத்தத்துக்கு முந்தைய அந்த ஆடியில் அம்மி தப்பித்தது, வாழை தப்பவில்லை. ஒரே மத்தியானத்தில் குலை தள்ளிய மரமெல்லாம் படுத்துவிட்டது. ஊர் முழுக்க அதே கதி என்பதால் மண்டியில் பிஞ்சுக் காயைச் சீந்துவாரில்லை. தெருவே வாழைக்காய் வறுவல், வாழைக்காய்க் குழம்பு என்று தின்று வயிறு கட்டிக்கொண்டு கிடந்தது. என் வரப்புக் கீரையை வீட்டுக்கு வீடு கிள்ளிக் கொடுத்தேன். பதிலுக்கு மோர் வந்தது, முருங்கைக்காய் வந்தது. வயிறுகளும் இளகின.

என் கவலை வேறு. பதினெட்டாம் பெருக்குக்குப் புது மாப்பிள்ளை வருகிறார். குளித்தலைப் பக்கம் பெரிய வாழைக்காரக் குடும்பம். தலை ஆடி விருந்தில் குறை வந்தால் எங்கள் பெண்ணுக்கு அங்கே ஆயுசுக்கும் குத்திக்காட்டல்தான். கறிகாய் வாங்கக் கையில் காசும் இல்லை; ஓரத்தில் விளைந்ததை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். பயந்துதான் போனேன்.

அன்றைக்கு இலையில் சேப்பங்கிழங்கு வறுவல், பரங்கிக்காய்க் கூட்டு, கொத்தவரங்காய்ப் பொரியல், கீரை மசியல், முருங்கைக்காய்ச் சாம்பார். மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, “எல்லாம் நம்ம தோட்டத்துதுதான் மாப்பிள்ளை. நான் எப்பவுமே நாலு விதமாப் போடறது வழக்கம்” என்றார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று வைக்கலாமா என்று ஆத்திரம் ஒரு பக்கம்.

கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அத்தை, இந்தக் கிழங்குல கொஞ்சம் தருவீங்களா? எங்க வாழையும் மொத்தமா சாஞ்சிடுச்சு. நாங்க வேற ஒண்ணும் போடலை. ஒரு வாரமா அம்மா வாழைக்காய்தான் சமைக்கிறாங்க.”

என் பயம் போன இடம் தெரியவில்லை. பாவம், நான் அவருக்குப் பயந்தேன், அவர் என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். “கூடை நிறையத் தரேன்” என்றேன்.

அதற்குள் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கிவிட்டார். மாப்பிள்ளை என் பக்கத்தில் நிற்பதையே மறந்து அங்கிருந்து கத்தினார்.

“ஏண்டி, இதுல சேப்பங்கிழங்குச் செடி எதுடி?”