எந்த லாட்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தரப் பிரிவில் நான் கிளார்க். முப்பத்தாறு வயதில் திடீரென்று, கடைசிவரை இப்படியே ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டே போய்விடுவோமோ என்று ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது. வேலூரில் ஞாயிறு மதியம் நடக்கும் புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தேன். காலை ஆராதனை முடிந்ததும் பைபிளைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் ஒரு நர்ஸ். என் வயதுதான், சீக்கிரமே தோஸ்த் ஆகிவிட்டோம். பாடத்தில் வந்த ‘ஆப்ஜெக்ட்’ எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் ஒன்றாகத் தயாராகும் நூறு ஜோடி ஷூ ஒரு லாட். அந்த லாட் ஒரு ஆப்ஜெக்ட். அதற்கு எண் உண்டு, அளவு உண்டு, பாஸா ரிஜெக்டா என்ற நிலை உண்டு. அந்த லாட்டை வைத்துச் செய்யும் வேலை மெத்தட். ஆனால் ஒவ்வொரு மெத்தடிலும் அடைப்புக்குறிக்குள் முதலில் ‘செல்ஃப்’ எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை. நின்று கேட்கப் பொறுமையில்லை. அதை எடுத்துவிட்டேன். ஒரு லாட்டை வைத்து மெத்தடைக் கூப்பிட்டால் பிழை வந்தது. எல்லா லாட்டுக்கும் பொதுவான அச்சு மாதிரி இருக்கும் ‘கிளாஸ்’ பெயரை வைத்துக் கூப்பிட்டேன், ஓடியது.

ஓடியதும் கம்பெனியிலேயே காட்டத் துடித்தேன். திங்கள் காலை ஏழு லாட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். ஒரு லாட்டில் தையல் விட்டிருந்தது. ரிஜெக்ட் மெத்தடை ஓட்டினேன். ஏழும் ரிஜெக்ட் என்று திரையில் வந்தது.

“இன்னா, எல்லாமே போச்சா?” என்றார் மேனேஜர்.

நான் யோசிக்கவேயில்லை. பேக்கிங்குக்குப் போன் செய்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பெண்கள் ஒட்டிய பெட்டிகளை மறுபடி பிரித்தார்கள். லாரி வாசலில் நின்றது. அப்புறம் மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். கெட்டுப்போனது ஒரு லாட்தான். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பேஜாராக இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரம். நர்ஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“நிலையை எங்க எழுதி வெச்ச?”

“எல்லா லாட்டுக்கும் பொதுவா ஒரே இடத்துல.”

“வார்டுல டாக்டர் ‘ஊசி போடு’ன்னு மட்டும் எழுதிட்டுப் போனா, நான் எந்த பெட்டுன்னு கேக்க மாட்டேனா? செல்ஃப்ங்கறது அந்த பெட் நம்பர். நீ எந்த லாட்டுன்னே சொல்லல.”

மெத்தடுக்குள் செல்ஃபைச் சேர்த்தேன். ஒவ்வொரு லாட்டின் நிலையையும் அந்தந்த லாட்டிலேயே வைத்தேன். ஓட்டினேன். ஒன்று மட்டும் ரிஜெக்ட், ஆறு பாஸ். மேனேஜர் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு. ரிஜிஸ்டரும் எழுதும்மா,” என்றார்.

சாயங்காலம் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பெண்களில் மூத்தவர், பிரித்த பெட்டிகளை மறுபடி ஒட்ட டேப்பை இழுத்துக்கொண்டே கேட்டார்: “நிறுத்தச் சொன்னது கம்ப்யூட்டராம்மா, நீயா?”

“நான்தான்க்கா.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். நானும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.