ஒரு காலி அறைக்கு ஐந்து ஓட்டு

என் வீட்டுக் கூரைக்கு மேல் ஐந்து அறைகளில் ஐந்து மாணவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் நாற்காலி இழுப்பது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாமே எனக்குக் கீழே கேட்கும். சில வருடங்களுக்கு முன்னால் இதற்காக ஒரு பெரிய தகராறு நடந்து இரண்டு விஷயங்கள் முடிவாயின. மாடிக்குள் யாரும் ஷூ போட்டு நடக்கக் கூடாது. அறை காலியாகி அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ்வீட்டுக்காரியான எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. ஷால்வாவை நான் முதலில் பார்த்தது அப்படி ஓட்டுப் போடப் போன இடத்தில்தான்.

அவன் ஜார்ஜியாக்காரன். குதாயிசி என்ற ஊரில் அம்மா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறாள், அப்பா போலந்தில் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவனுக்கு இரண்டு வருடம் முடிந்து ஒரு வருடம் பாக்கி இருந்தது. சின்னக் கல்லூரி. வகுப்புக்கு இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். எல்லோரும் வாய் திறந்து பேசியாக வேண்டும், பேசுவதற்கும் மதிப்பெண். நாலைந்து வகுப்புக்குப் போகாவிட்டால் அந்தப் பாடமே போய்விடும். முதல் இரண்டு வருடம் வளாகத்திலேயே அறை கொடுப்பார்கள். மூன்றாம் வருடம் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே அறை கிடையாது. விளம்பரம் வந்தாலும் டச்சு பேசுகிறவர்களுக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் வகுப்புக்கு வருவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள் என்று கல்லூரியே கோடையில் எல்லோருக்கும் எழுதிவிட்டது. வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அறை இல்லையென்றால் கிளம்பி வந்துவிடு, தெருவில் கிடந்து படிக்க வேண்டாம் என்று.

ஆகஸ்ட் கடைசியில் மாடியில் இருந்த ஒரு பெண் படிப்பு முடிந்து போனாள். அறை வேண்டுமென்று எழுதியவர்களில் சிலரை ஒரே மாலையில் வரச் சொல்லி, எல்லோரையும் ஒன்றாகச் சோபாவில் உட்கார வைத்து, பீரும் சிப்ஸும் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். இங்கே எல்லா மாணவர் வீட்டிலும் அப்படித்தான். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட என்னிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் பாட்டுப் போடுவாயா, பாத்திரத்தை ஊற வைப்பாயா, உன் பிறந்தநாளுக்கு எத்தனை பேர் வருவார்கள்.

ஷால்வா வாசலில் ஷூவைக் கழற்றத் தயங்கினான். மற்றவர்களெல்லாம் உள்ளே போன பிறகுதான் கழற்றினான். நான் கடைசியில் ஏறியதால் பார்த்தேன். சாக்ஸ் ஈரம். அதன் ஓட்டை வழியே தெரிந்த குதிகால் வெள்ளை வெளேரென்று ஊறி, மடிப்பு மடிப்பாக இருந்தது. ஒரு வாரமாக மழை. கூரை உள்ள இடத்தில் தூங்குகிறவன் கால் அப்படி ஆகாது, எங்கேயோ கூடாரத்தில்தான் படுக்கிறான். நாற்பது வருடம் கால் துடைத்தவளுக்கு அது தெரியாமல் போகாது.

ஆனால் சோபாவில் உட்கார்ந்ததும் அவன் வேறு ஆள். வீட்டில் மூத்தவன் யோரிட் வழக்கமான அசட்டுக் கேள்வியைக் கேட்டான், வீட்டுச் சாமானாகப் பிறந்தால் எந்தச் சாமானாகப் பிறப்பாய் என்று.

"ஃப்ரிட்ஜ்," என்றான் ஷால்வா. "ராத்திரி வந்து திறப்பீங்க, உள்ள ஒண்ணுமில்லன்னு திட்டிட்டுப் போவீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நியாஷா உட்கார்ந்திருந்தாள். அவளும் அறை கேட்டு வந்தவள், ஜிம்பாப்வேக்காரி, அதே கல்லூரி. அவள் பீரைத் தொடவே இல்லை.

"கதவு," என்றாள். "உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடற கதவு."

யாரும் சிரிக்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறாய் என்று வீட்சுகே கேட்டாள். வீட்சுகே மாடியில் இருப்பவர்களில் இளையவள், எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். தெரிந்த ஒருவர் வீட்டுச் சோபாவில் என்று நியாஷா சொன்னாள். அந்த ஆள் இந்த வாரத்திலிருந்து சோபா கிடையாது, கட்டிலில் மட்டும்தான் இடம் என்று சொல்லிவிட்டானாம். அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னாள். யோரிட் சிப்ஸ் கிண்ணத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினான்.

அடுத்து அதே கேள்வி ஷால்வாவுக்கு. அவன் தோளைக் குலுக்கினான்.

"எனக்கு இன்னொரு ரூம் சொல்லி வச்சிருக்காங்க. அவசரமில்ல. ஆனா உங்க வீடு பிடிச்சிருக்கு."

வந்தவர்களை அனுப்பிவிட்டு நாங்கள் உட்கார்ந்தோம். மாடியில் மிச்சம் நாலு பேர், என்னோடு ஐந்து ஓட்டு. மற்றவர்கள் பெயரெல்லாம் உடனே கழிந்து இந்த இருவரும்தான் நின்றார்கள். வீட்சுகேக்கு ஷால்வா வேண்டும்.

"அவளைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. அதுக்காக தினமும் சமையல்கட்டுல பாவப்பட்டுக்கிட்டே முட்டை பொரிக்க முடியுமா? இது வீடு, ஆஸ்பத்திரி இல்ல. என்ன ஹில்லி, சொல்லுங்க," என்று என் பக்கம் திரும்பினாள்.

யோரிட்டுக்கும் ஷால்வாவைத்தான் பிடித்திருந்தது. ஆனால் அவன் நியாயம் பார்க்கிறவன். ஷால்வாவுக்குத்தான் வேறு இடம் இருக்கிறதே, ஒன்றுமே இல்லாதவளுக்குக் கொடுப்பதுதானே முறை என்றான். கையைத் தூக்கினார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவனுக்கு வேறு இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பொய் சொன்னவனோடு ஒரு சமையலறையில் இருக்க முடியாது என்பார்கள், ஷால்வாவை விரும்பிய இருவரும் கையை இறக்கிவிடுவார்கள். சொல்வதால் அவனுக்கு லாபமில்லை. பொய்யன் என்ற பெயரும் சேர வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒருவரிடம்தான் போக முடியும். கூடாரத்தில் படுப்பவனுக்குக் கால் நனையும். அந்தப் பெண் இன்றிரவு எங்கே போவாள் என்று யோசித்தேன். நியாஷாவுக்குப் போட்டேன்.

கீழே இறங்கினால் ஷால்வா சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். முடிவைப் போனில் அனுப்புவார்கள். சில வீடுகளில் அனுப்பவும் மாட்டார்கள்.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. உனக்கு இல்ல. என் ஓட்டாலதான் இல்ல. போன்ல வர்றதுக்கு முன்னாடி என் வாயால தெரிஞ்சுக்கோ."

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "நல்லாத்தானே பேசினேன். சிரிச்சாங்களே."

"சிரிச்சாங்க. உனக்கு வேற ரூம் இருக்குன்னும் நம்பிட்டாங்க."

"இல்லன்னு சொன்ன வீடுங்க எத்தனை தெரியுமா? அம்மா சுட்டு அனுப்பின ரொட்டியை எடுத்துட்டுப் போனேன், ஒயின் எடுத்துட்டுப் போனேன், காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். கேட்டா பயப்படறாங்க. கேக்கலைன்னா உனக்கு எதுக்குன்னு விட்டுடறாங்க. நான் என்னதான் சொல்லணும், நீங்களே சொல்லுங்க."

எந்த முகாமில் கூடாரம் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அவன் தன் ஷூவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போடும் இடம் என்றான்.

"உள்ள வா. காலுக்கு மட்டும்தான். தங்கறதுக்கு இல்ல, அதை இப்பவே சொல்லிடறேன்."

என் வீட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது, இஸ்திரிப் பலகை போட்டு வைத்திருக்கிறேன். வாடகைக்காரி இன்னொருவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் குடியிருப்புச் சங்கத்தின் விதி. இரண்டு வாசல் தள்ளி ஒருத்தி அப்படி வைத்து வீட்டையே இழந்தாள். அது மட்டும் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். இனி வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு இடுக்காக ஒற்றி எடுத்தேன். இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. களிம்பு எதுவும் போடவில்லை, அதற்குக் காய்வதுதான் மருந்து. நாற்காலி மேல் காலை நீட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மதியம் மிஞ்சிய உருளைக்கிழங்கும் கீரையும் மசித்ததைச் சூடு பண்ணி வைத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

அப்போது போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"அம்மா," என்றான். "இன்னிக்கு ரூம் முடிவாயிடும்னு சொல்லியிருந்தேன். இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கே டிக்கெட் போட்டுடுவாங்க. ஒரு வருஷம்தான் மேடம் பாக்கி. இந்தச் சுவரை மட்டும் ஒரு நிமிஷம் காட்டிக்கறேன்."

பொய்க்கு என்னைக் கூட்டுச் சேர்க்காதே என்றேன். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றான். அதற்குள் மூன்றாம் முறை அடித்தது.

என் ஜன்னல், என் அடுப்பு, என் செடி எல்லாம் அவன் கையிலிருந்த போனில் குதாயிசிக்குப் போயின. புண்பட்ட காலை மட்டும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு போன் என் பக்கம் திரும்பியது. கண்ணாடி போட்ட ஒரு பெண், கல்பதோனோ என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மணி என்பது மாதிரி மரியாதைச் சொல்லாம். ஏதோ கேட்டாள்.

"குளிர்காலத்துல வீடு சூடா இருக்குமான்னு கேக்கறாங்க," என்றான் ஷால்வா.

"இந்த வீடு சூடாத்தான் இருக்கும்னு சொல்லு."

அதில் பொய் எதுவும் இல்லை. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள்.

அதன் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கால் பார்ப்பேன், துணி காயப் போட்டுக்கொள்வான், அம்மாவிடம் பேசிவிட்டு ஆறு மணிக்கு நான் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் கிளம்பிவிடுவான். வகுப்பு ஒன்றைக்கூட விடவில்லை. முகாமின் குளியலறை விளக்கில் படித்தான். கரையில் பனி இறங்க ஆரம்பித்ததும் இருமல் வந்தது. வகுப்பில் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களென்று வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். டாக்டரிடம் போகச் சொன்னேன். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்பார்கள் என்று போகவில்லை. மாடியில் நியாஷாவிடம் நானே பேசிப் பார்த்தேன். அவள் தன் அறைத் தரையில் படுத்துக்கொள்ளட்டும் என்றாள். மற்றவர்கள் கூடிப் பேசி, ஒரு வாரத்துக்கு மேல் விருந்தாளி கூடாது என்றார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் படுத்தான்.

அக்டோபர் கடைசியில் முகாமை மூடினார்கள். அந்த ஞாயிறு சுருட்டிய கூடாரத்தோடு வந்தான், ஒட்டிய கன்னம், காய்ச்சல். இந்த முறை போனில் சுவரைக் காட்டவில்லை. மேசை மேல் சாய்த்து வைத்து, தன் முகத்தை மட்டும் காட்டி, அவர்கள் மொழியில் நீளமாகப் பேசினான். நடுநடுவே இருமினான். கடைசியில் அம்மா ஒன்று சொன்னாள். அவன் தயங்கிப் போனை என் பக்கம் திருப்பினான்.

"எனக்கு ரூம் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்கறாங்க."

"தெரியும்னு சொல்லு."

சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. திரை கறுப்பாகிவிட்டது.

அவன் ஊருக்கு விமானம் செவ்வாய்க்கிழமை. அதுவரை அந்தச் சின்ன அறையில் இஸ்திரிப் பலகையை மடித்து வைத்துவிட்டுப் படுக்கை போட்டேன். இரண்டு இரவும் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.