ஐயாவின் ராசா

ஒருவர் களவெடுத்தது தெரிந்தபின் அவரைத் தனியே அழைத்துக் கேட்பது நீதியா, பலர் முன்னிலையில் அவர் பொருளைக் கொண்டே அதை வெளிப்படுத்துவது நீதியா? எண்பதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாண நகரத்துக் கணினி வகுப்பொன்றில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன்.

பட்டம் பெற்று வேலையின்றி இருந்த காலம் அது. வகுப்பில், தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்திய ஒரேயொரு சிறு கணினி. எழுதிய நிரல்களை ஒலிநாடாவில் பதிந்து வைப்போம், கேட்டவருக்குக் கொடுப்போம். என் சதுரங்க நிரலை என்னிலும் மூத்த ஒருவர், பலகையை எப்படி வரைந்தேன் என்று பார்ப்பதற்காக வாங்கிப் போனார். மாரி முடிவதற்குள் அவரும் ஒரு சதுரங்க நிரலோடு வந்தார். பெயரும் பலகையின் தோற்றமும் வேறு. காய் நகர்த்தும் போக்கு என்னுடையது.

வகுப்புக்கு ஒரு போதனாசிரியர் தேவைப்பட்டார். எவருடைய நிரல் சிறந்ததோ அவருக்கே அந்த இடம் என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். அவரிடம் முறையிட்டேன்.

“தம்பி, சதுரங்கத்துக்கு ஒரே விதிதானே. ஆர் எழுதினாலும் ஒண்டு போலத்தான் இருக்கும்,” என்றார்.

ஒரே விதி அல்ல. எங்கள் ஊர் அளவெட்டியில் என் ஐயா, என் தகப்பனார், பழைய முறைப்படி ஆடுபவர். அம்முறையில், அதுவரை செக் வாங்காத ராசா ஒருதரம் குதிரையைப் போலப் பாயலாம். ஐயாவோடு ஆடுவதற்காக அதையும் நிரலில் சேர்த்திருந்தேன். வீணாகப் பாயாதிருக்க, ராணியை வெட்டக் கிடைத்தால் மட்டும் பாயும்படி. போட்டிக்குக் கொடுத்த பிரதியில் அதை நீக்கியிருந்தேன்; அந்த மூத்தவர் வாங்கிப் போன நாடாவில் அது இருந்தது. புத்தகம் பார்த்து ஆட்டம் பழகிய அவருக்கோ இப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

நிரல்களைச் சோதித்த நாளில், அவருடைய நிரலோடு நானே ஆடுவதாகச் சொன்னேன். செக் வைக்கக் கிடைத்த வாய்ப்புகளைத் தவிர்த்தேன். பிறகு, எந்தக் காயும் எட்டாத கட்டத்தில், ராசாவிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில், என் ராணியை வைத்தேன்.

“என்ன தம்பி, செக் வைக்கப் பயமோ?” என்றார் அவர்.

நிரல் நீண்ட நேரம் யோசித்தது. அந்தக் காத்திருப்பு எனக்கு இனித்தது. ராசா பாய்ந்து ராணியை வெட்டியது.

“உது ராசாவோ, குதிரையோ?” என்றாள் ஒரு மாணவி. எல்லோரும் சிரித்தார்கள்.

“சின்னப் பிழை. திருத்திப்போடலாம்,” என்றார் அவர்.

“ஓம் அண்ணை, திருத்தலாம். ஆனா உந்தப் பிழை என்ரை ஐயாவின்ரை.”

என் பழைய ஒலிநாடாவை ஏற்றி, அதே நிலையில் அதே பாய்ச்சலைப் பொறுப்பாளருக்குக் காட்டினேன். மூத்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

தனியே கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார். ஒருவரைப் பலர் முன் வீழ்த்தினால் பார்த்திருப்பவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்தேன், யோசித்தும் செய்தேன்.

போதனாசிரியர் இடம் எனக்குக் கிடைத்தது. அதன்பின் அந்த வகுப்பில் ஒருவரும் தம் ஒலிநாடாவை மற்றவருக்குக் கொடுக்கவில்லை.