மருமகள் பேட்டி எடுத்த தெரு

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டில் எம்.ஃபில். படிக்கும் மருமகள் என்றால் கொரட்டூரில் அப்போது சும்மாவா? கலவைச் சட்டி தூக்கிய கை இது. தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஆகிவிட்டேன்; ஆனாலும் எல்லாருக்கும் நான் மேஸ்திரிதான். நூம்பலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் என் வேனில் ஏறித்தான் பேக்கிங் வேலைக்குப் போனார்கள்.

மருமகளின் ஆராய்ச்சியே அந்தப் பெண்களைப் பற்றித்தான். வயலை விட்டுக் கம்பெனிக்கு வந்தபின் அவர்கள் பாடு எப்படி என்று கேட்டு எழுத வேண்டும். மகனுக்கு வெளியூரில் வேலை. "இதுக்கா தலைய ஒடச்சிக்கிற? வண்டில ஏறும்மா" என்றேன். நூம்பலில் வீடு வீடாகக் கூட்டிப்போனேன். போன இடமெல்லாம் நாற்காலி, கலர் சோடா. அவள் கேட்பாள், நான் பக்கத்தில் நின்று, "கூச்சப்படாம சொல்லு, நம்ம பொண்ணுதான்" என்று எடுத்துக் கொடுப்பேன்.

"மேஸ்திரி தயவுல நல்லா கீறோம்மா. ஒரு கொறயும் இல்ல." எல்லா வீட்டிலும் இதே பதில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மருமகள் எழுதியதை அவளுடைய பேராசிரியை படித்துவிட்டு, "எல்லாரும் ஒரே வாயால பேசியிருக்காங்களே, பக்கத்துல யார் நின்னா?" என்றாராம். ஒன்றும் செல்லாது, தனியாகப் போய் மறுபடி கேட்டால்தான் அந்த வருஷம் ஆய்வேடு கொடுக்க முடியுமாம்.

மருமகள் சோறு போட்டுக்கொண்டே, என் முகம் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க இருந்தா அவங்க பேச மாட்டாங்க மாமா. வேலை குடுக்கறதே நீங்கதானே."

"நான் இன்னா பூச்சாண்டியா?" என்றேன். சுருக்கென்றுதான் இருந்தது.

என் மனைவியோ, "ஆம்பள தொண இல்லாம தெருத்தெருவா சுத்தறதுன்னா அந்தப் படிப்பே வேணாம்" என்றாள். மருமகள் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சோறு அப்படியே இருந்தது.

"நான்தான் கூட போறேனே" என்று அடித்துச் சொன்னேன். பொய்யில்லை. நூம்பலுக்குத் திரும்புகிற வேலப்பன்சாவடி டீக்கடை வரைக்கும் கூடத்தான் போனேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் நடந்து உள்ளே போவாள், நான் பெஞ்சில். டீக்கடைக்காரன் விடுவானா? "இன்னா அண்ணாத்தே, மருமவ படிக்கிறா, நீ குந்திகினு கீற?"

"பெரிய படிப்புடா. மாமனாரும் சேந்து படிக்கணும்."

ஒருநாள் என் வேனில் வருகிற ஒருத்தி குடத்தோடு வந்து நின்றாள். "மேஸ்திரி, உன் மருமவகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டோம்."

"எல்லாத்தையும்னா?"

"உன்னப் பத்தியுந்தான்!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

திரும்பும்போது வண்டியை மெதுவாக விட்டேன். "என்னப் பத்தி இன்னாமா சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன் மாமா."

"நல்லதா, கெட்டதா?"

"அதுவும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துத்தான் கேட்டேன். பேர்கூட எழுதிக்கல."

"மாமனார்கிட்டகூடவா?"

"மொதல்ல உங்ககிட்டதான் சொல்லக் கூடாது."

எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி கேட்டும் என் குரலுக்குத் திறக்கும். என் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னப் பெண் மாட்டேன் என்கிறாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வாயை நம்பி ஒரு தெருவே பேசியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. பள்ளத்தில் அவளுக்கு அதிராமல் வண்டியைத் தாங்கித் தாங்கி ஓட்டினேன்.

வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "அவளுங்க இன்னா சொன்னாளுங்களாம்?"

"அத்தெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றேன்.