கைப்பிடி அரிசியும் என் வீட்டுக் கோழிகளும்

பசிக்காக அரிசி எடுத்த ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லி சபை முன்னால் நிற்க வைத்தவன் நான். ஆலயக் கமிட்டியின் முடிவு என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்மானத்தை எழுதிய கை என்னுடையது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பது வருடம் மாதிரிகளைப் பரிசோதித்துவிட்டு ஓய்வு பெற்றேன். பிறகு எங்கள் ஆலயத்தின் செயலாளர் ஆனேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிறன்று அதைக் கொண்டுவந்து ஆலயத்தின் பின்னறையில் இருக்கும் நீல டிரம்மில் கொட்டுவார்கள். மாதக் கடைசியில் ஏலம். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழைந்துபோகும்போது இன்னொன்று வெந்திருக்காது. அதனால் வசதியுள்ளவர்கள் சமையலுக்கு வாங்க மாட்டார்கள். பெரும்பாலும் நான்தான் ஏலம் எடுப்பேன். வீட்டில் கோழி வளர்த்தோம்.

அந்தப் பெண் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. சனிக்கிழமைகளில் ஆலயத்தையும் பெருக்கிக் கொடுப்பாள், கூலி வாங்க மாட்டாள். அந்த வருடம் காண்டிராக்டர் மாறியதில் அவளுக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. எளாவூரில் லோடு ஏற்றும் கணவன் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவன் காலுக்கான ஜெப விண்ணப்பத்தை ஆராதனையில் வாசித்ததே நான்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பாட்டு எண்களைப் பலகையில் மாட்டப் போனேன். பின்னறையில் அவள் ஒயர் கூடைக்குள் ஏதோ ஒரு துணி மூட்டையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"அரிசி சார். ஊட்லருந்து எட்த்தாந்தேன். போற வழியில அரைக்கக் குடுக்கணும்."

அவள் பொய் சொன்னதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. கூடையை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவளை வரவழைத்து, ஆயரும் கமிட்டியார் இருவரும் பார்க்க, அந்த அரிசியைச் செய்தித்தாளில் பரப்பி, ஆய்வகத்தில் செய்வதுபோல ரகம் ரகமாகப் பிரித்து நான்கு குவியல் வைத்தேன். ஒரே வீட்டில் இத்தனை ரகம் இருக்குமா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் அந்த நான்கு குவியல்தான் என்னைக் கூச வைக்கிறது.

"ஆமா சார், எட்த்தேன்தான். ரெண்டு நாளா பொண்ணுங்க வெறும் டீத்தண்ணி குடிச்சிகினு கீதுங்க."

"கேட்டிருக்கலாமே?"

"போன மாசம் கேட்டனே சார். ஜெபிப்போம்னு சொன்னீங்க."

கமிட்டியாரில் ஒருவர் சிரித்துவிட்டார். அவள் குவியல்களைப் பார்த்தாள்.

"ஏழு வருசமா நானும் தெனம் ஒரு பிடி போடறேன். இவ்ளோ நல்லா பிரிக்கிறீங்களே, என் பிடி எதுன்னு பிரிச்சிக் குடுங்க. அத்த மட்டும் எட்த்துக்கினு போறேன்."

"ஆண்டவருக்குக் கொடுத்தப்புறம் அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல" என்றேன்.

அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடச் சொல்லும் பழைய சட்டத்தை நானே வேத வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அது வயல் வைத்திருப்பவர்களுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன். திருடாதே என்கிற எட்டாம் கட்டளைதான் எல்லோருக்குமானது. அதிலும் குறிப்பாக அவளுக்கு.

ஆறு மாதம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது, சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு அவள் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பிரிக்கவில்லை. "அரிசி எட்த்தேன், மன்னிச்சிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கவாசல் வழியே போய்விட்டாள். பாடகர் குழுவில் இருந்த அவளுடைய மூத்த மகள் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. சபைப் பதிவேட்டில் அவள் பெயர் அடித்து நீக்கப்பட்டது.

அந்த மாத ஏலத்திலும் நான்தான் எடுத்தேன். முற்றத்தில் அரிசியை இறைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்:

"அவ எடுத்திருந்தா ரெண்டு புள்ளைங்க சாப்பிட்டிருக்கும். இப்ப கோழி தின்னுது. இன்னாங்க வித்தியாசம்?"

"நான் ஏலத்துல எடுத்தேன்."

"அதானா வித்தியாசம்?" என்றாள். அதன்பிறகு கோழிக்கு அவள் தீனி வைக்கவே இல்லை.

தவறு என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. போய்ச் சொல்ல நான்கு வருடம் ஆயிற்று. முதலில் கௌரவம், பிறகு கூச்சம், கடைசியில் வெறும் சோம்பல்.

ஒரு மூட்டை நல்ல பொன்னியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மூட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா சார், இதுல ஒரே ரகந்தானா?"

மன்னிக்கச் சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"அரிசி வாணாம் சார். பெரியவ கம்பெனிக்குப் போறா, சோத்துக்குப் பேஜாரு இல்ல. மன்னிக்கிறதுக்கு இன்னா, மன்னிச்சிட்டேன். ஆனா நான் அத்தினி பேரு முன்னாடி நின்னேன். நீங்க என் ஊட்டுக்குள்ள வந்து மெதுவா சொல்றீங்க."

நியாயம்தான். அடுத்த ஞாயிறு ஆயரிடம் அனுமதி கேட்டு, அவள் நின்ற இடத்தில் நின்றேன். நான்கு குவியலைச் சொன்னேன், கோழிகளைச் சொன்னேன், அவள் பெயரை மறுபடி சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். முடித்ததும் வாசலில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். "இந்த வயசுல இப்படி ஒரு தாழ்மை யாருக்கு வரும் சார்!" என்றார் ஒருவர். பக்கத்துச் சபையில் வந்து இதைச் சாட்சியாகச் சொல்ல முடியுமா என்று இன்னொருவர் கேட்டார்.

இதை அவளிடம் போய்ச் சொன்னேன். "கை குடுத்தாங்களா? எனக்கு யாரும் குடுக்கலியே" என்று சிரித்தாள். இப்போது அவள் வீட்டார் எளாவூரில் ஒரு கூரைக் கொட்டகை ஜெபக்கூடத்துக்குப் போகிறார்களாம்.

அரிசி ஏலம் நின்றது. இப்போது தேவையுள்ள வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் பெயரை மறுபடி சேர்க்க அவளே விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்கிறது கமிட்டி. எழுத மாட்டேன் என்கிறாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. கமிட்டியிடம் மூன்று முறை பேசிவிட்டேன்.

அவள் பெயர் திரும்பும்வரை நானும் திருவிருந்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். நான் இருக்கையிலேயே இருந்தேன். எனக்கு முழங்கால் வலி என்று ஆயர் நினைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படி இறங்கி என் இருக்கைக்கே வந்தார். முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது. மறுப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.